பிள்ளைகளுக்கு எந்தக் கடவுளைக் காட்டுகிறோம்?
ஆனைமலை, வால்பாறை வட்டார ஞாயிறு பள்ளி, மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான ஆசிரியர்களே, அக்காமார்களே, அண்ணன்மார்களே,



நீங்கள் யாரும் சம்பளத்துக்கு இந்த வேலையைச் செய்யவில்லை. வாரம் முழுவதும் தோட்டத்திலும் கடையிலும் கல்லூரியிலும் ஓடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்பே வந்து பாய் விரிக்கிறீர்கள். பிள்ளைகளை உட்காரவைத்து, ஒரு பாட்டு, ஒரு கதை, ஒரு மனப்பாட வசனம் என்று நடத்துகிறீர்கள். ஆயர் செய்யும் பிரசங்கத்தில் பாதியைப் பெரியவர்களே வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடுவார்கள். ஆனால் ‘இயேசப்பா’ எப்படிப்பட்டவர் என்று ஏழு வயதில் ஒரு பிள்ளையின் மனதில் விழும் எண்ணம் எழுபது வயது வரை நிற்கும். அந்த எண்ணத்தை விதைப்பவர்கள் நீங்கள். அதனால்தான் இதை ஆயர்களுக்கும் குருக்களுக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

கொஞ்சம் விவரம் தெரிந்த எந்தப் பிள்ளையும் ஒருநாள் உங்களிடம் இப்படிக் கேட்கும்: “அக்கா, கடவுளை யாருமே பார்த்ததில்லைன்னு சொல்றீங்க. அப்பறம் அவரு இப்படித்தான்னு உங்களுக்கு எப்புடிங்க தெரியும்?” சிலர் இதை வாய்த்துடுக்கு என்று அடக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அடக்காதீர்கள். கிறிஸ்தவ இறையியலின் முதல் கேள்வியே இதுதான். இறையியல் நூல்களில் ‘வெளிப்பாடு’ என்ற தலைப்பில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

அந்தப் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனிதர் தேடிக் கண்டுபிடித்ததால் நமக்குக் கடவுளைத் தெரியும் என்று திருச்சபை ஒருபோதும் சொன்னதில்லை. அவர் தம்மைத் தாமே தெரியப்படுத்தியதால்தான் தெரியும். அப்படித் தெரியப்படுத்திய முகம் இயேசுவின் முகம். அந்த முகத்தோடு ஒத்துப்போகாத எந்தக் கடவுளையும் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள். இந்த மடலில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளங்கும்படி இதைச் சொல்ல ஒரு வழி உண்டு. ஆனைமலையைச் சுற்றி எங்கு பார்த்தாலும் தென்னந்தோப்பு. முன்பின் தெரியாத ஒருவருடைய தோப்பைச் சுற்றிவந்தால், அவருக்கு விவசாயம் தெரியும், தண்ணீர் வசதி இருக்கிறது, உழைப்பாளி என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஆனால் அவர் கூலியை ஒழுங்காகக் கொடுப்பவரா, பசி என்று வந்தவரை உட்காரவைத்துச் சோறு போடுபவரா என்பதை மரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவரே வெளியே வந்து பேச வேண்டும், பழக வேண்டும். படைப்பைப் பார்த்துக் கடவுளை அறிவதும் இவ்வளவுதான். அது உண்மையான அறிவு. ஆனால் அது பாதி அறிவு.

முதல் பாதியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். இறையியலில் இதற்குப் ‘பொது வெளிப்பாடு’ என்று பெயர். எல்லா மனிதருக்கும், எல்லாக் காலத்திலும் திறந்திருப்பது இது. காணமுடியாத கடவுளின் வல்லமை காணக்கூடிய படைப்பில் தெரிகிறது என்று ரோமர் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார். ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்குப் போகும் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கீழே அணைத் தண்ணீர், மேலே சோலைக்காடு, கிளைகளில் சிங்கவால் குரங்கு, தலைக்குமேல் சிறகு சத்தத்தோடு போகும் இருவாட்சி, சாலையோரத்தில் யானைச் சாணம். யோபு புத்தகத்தின் கடைசியில் கடவுள் பேசும்போது காட்டு விலங்குகளைப் பற்றித்தான் அதிகாரம் அதிகாரமாகப் பேசுகிறார். சிங்கம், காகம், வரையாடு, காட்டுக் கழுதை, கழுகு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, மனிதனுக்குப் பயன்படாத உயிரையும் நான் கவனிக்கிறேன் என்கிறார். புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் வாழும் பிள்ளைகளுக்கு யோபு 38, 39 அதிகாரங்களைப் போலப் பொருத்தமான பாடம் வேறு கிடைக்காது. இதுவரை சொல்லிக்கொடுக்காதவர்கள் இந்த வருடம் சொல்லிக்கொடுங்கள்.

ஆனால் காடு இரண்டு விதமாகவும் பேசும். இதை வால்பாறையில் இருப்பவர்களிடம் மறைக்க முடியாது. பொழுது சாயும் நேரத்தில் வீட்டு வாசலில் விளையாடிய குழந்தையைச் சிறுத்தை தூக்கிப்போன துயரத்தை அந்தத் தேயிலைத் தோட்டங்கள் ஒருமுறைக்கு மேல் பார்த்துவிட்டன. பிழைப்புக்காக ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து லயன் வீடுகளில் தங்கியிருக்கும் குடும்பங்களும் பிள்ளைகளைப் பறிகொடுத்திருக்கின்றன. அடுத்த ஞாயிறு பக்கத்து லயன் பிள்ளைகள் உங்கள் முன்னால் வந்து உட்காருவார்கள். இயற்கையை மட்டும் காட்டி, “இதைப் படைத்தவர் நம்மை நேசிக்கிறார்” என்று அவர்களிடம் சொல்ல முடியுமா? காட்டைப் பார்த்தால் படைத்தவர் பெரியவர் என்பது தெரியும். அவர் நம்மேல் அன்பாக இருக்கிறாரா என்பதற்குக் காட்டில் பதில் இல்லை.

இந்த இடத்தில்தான் சில பெரியவர்கள் தவறான பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். “கர்த்தருடைய தண்டனை” என்கிறார்கள். “அந்த வீட்டில் ஜெபம் இல்லை” என்கிறார்கள். இயேசு இதை நேருக்கு நேர் மறுத்திருக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் மற்ற எல்லோரையும்விடப் பாவிகள் என்று நினைக்க வேண்டாம் என்று லூக்கா 13-இல் சொல்கிறார். பிறவியிலேயே பார்வையில்லாத மனிதனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவனும் இல்லை, அவனைப் பெற்றவர்களும் இல்லை என்று யோவான் 9-இல் பதில் தருகிறார். ஏன் நடந்தது என்று பிள்ளை கேட்டால், “எனக்குத் தெரியாது, கண்ணு” என்று சொல்லுங்கள். அதில் வெட்கம் இல்லை. அதோடு நமக்குத் தெரிந்ததையும் சொல்லுங்கள்: லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு அழுதார். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் முன் கடவுள் எந்த முகத்தோடு நிற்கிறார் என்பதற்கு நம்மிடம் இருக்கும் பதில் அந்தக் கண்ணீர்தான்.

வெளிப்பாட்டின் இரண்டாவது பாதி இப்படித்தான் தொடங்குகிறது. இதைச் ‘சிறப்பு வெளிப்பாடு’ என்பார்கள். 19-ஆம் சங்கீதத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்துப் பாருங்கள். முதல் ஆறு வசனங்கள் வானத்தையும் சூரியனையும் பேசுகின்றன. ஏழாவது வசனத்தில் திடீரென்று கர்த்தருடைய வேதத்துக்குத் திரும்பிவிடுகிறது. இரண்டும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து இருப்பது தற்செயல் இல்லை. எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளின் கூக்குரலைக் கேட்டு இறங்கி வந்தவராக, பொன் கன்றுக்குட்டி செய்து துரோகம் பண்ணிய ஜனத்திடமும் மோசேயின் வழியாகத் தம்மை இரக்கமும் பொறுமையும் உள்ளவர் என்று அறிவித்தவராக, விதவைக்கும் அநாதைக்கும் அந்நியனுக்கும் நியாயம் கேட்டுத் தீர்க்கதரிசிகளை அனுப்பியவராக, ஒரு நீண்ட வரலாற்றில் அவர் தம்மைத் தெரியப்படுத்திக்கொண்டே வந்தார். அந்த வரலாற்றின் முடிவில் தம்முடைய குமாரன் மூலமாகவே பேசினார் என்று எபிரெயர் நிருபம் தொடங்குகிறது. பிதாவைக் காட்டும்படி பிலிப்பு கேட்டபோது, தம்மைக் கண்டவன் பிதாவைக் கண்டாயிற்று என்ற பொருளில் இயேசு பதில் சொன்னார். உங்கள் வகுப்புப் பிள்ளை கேட்ட கேள்விக்கும் அதுவே நேரடியான பதில்.

அப்படியானால் வேதாகமம் என்பது என்ன?

அது வானத்திலிருந்து கட்டாக விழுந்த புத்தகம் என்ற எண்ணத்தோடு பல பிள்ளைகள் வளர்கிறார்கள். பிறகு கல்லூரியில் யாராவது ஒருவர் வேறு மாதிரி பேசும்போது அவர்களுடைய விசுவாசமே ஆட்டம் காண்கிறது. தொடக்கத்திலேயே உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. புராட்டஸ்டண்ட் சபைகளின் வேதாகமத்தில் 66 புத்தகங்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் 73. பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எபிரெய மொழியில் உள்ளது, சில பகுதிகள் அரமேயத்தில். புதிய ஏற்பாடு அன்றைக்குச் சந்தைத்தெருவில் பேசப்பட்ட கிரேக்கத்தில் உள்ளது. எழுதியவர்களில் ராஜாவும் உண்டு, ஆடு மேய்த்தவரும் உண்டு. லூக்கா தன் சுவிசேஷத்தின் முதல் நான்கு வசனங்களில், கண்ணால் பார்த்தவர்களிடம் கேட்டு, எல்லாவற்றையும் ஆதிமுதல் விசாரித்து எழுதியதாகச் சொல்கிறார். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், துரோவாவில் விட்டுவந்த மேலாடையையும் தோற்சுருள்களையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்கிறார். குளிரில் நடுங்கிய ஒரு கைதியின் குரல் அது. அதே கடிதத்தில்தான் வேதவாக்கியம் எல்லாம் தேவ ஆவியால் அருளப்பட்டது என்ற போதனையும் இருக்கிறது.

இந்த இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கடவுள் எழுதியவர்களின் மூளையை நிறுத்திவிட்டு அவர்கள் கையைப் பிடித்து எழுதவில்லை. அவர்களுடைய மொழி, குணம், கண்ணீர், விசாரணை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவற்றின் வழியாகப் பேசினார். வார்த்தையானவர் மாம்சமாகி நம்மிடையே வந்தார் என்று நம்புகிற நமக்கு இது அதிசயமாக இருக்கக்கூடாது. மனிதத்தன்மையைக் கடவுள் ஒருபோதும் அருவருத்ததில்லை.

அந்த வேதம் நம் கைக்கு வந்த வழியிலும் மனித உழைப்பு நிறைந்திருக்கிறது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கு, தமிழ்ப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுத்துப் படித்து, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். அது 1715-இல் அச்சிட்டு முடிந்தது. இந்திய மொழிகளில் அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு அதுதான். பழைய ஏற்பாட்டை முடிக்கும் முன் 1719-இல் அவர் இறந்துபோனார். அவருக்குப் பின் வந்த மிஷனரி சூல்ட்சே அதை முடித்தார். அதன் பின் சென்னை வேப்பேரியில் மிஷனரி பப்ரிசியுஸ் பல ஆண்டுகள் உட்கார்ந்து மீண்டும் மொழிபெயர்த்தார். ஹென்றி பவர் முன்னின்று நடத்திய குழு 1871-இல் வெளியிட்ட வேதாகமம்தான் இன்றும் பெரும்பாலான புராட்டஸ்டண்ட் வீடுகளில் வாசிக்கப்படுகிறது. 1995-இல் கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியமும் நம்மிடம் இருக்கிறது. ஒரு தலைமுறை விட்ட இடத்திலிருந்து அடுத்த தலைமுறை தொட்டுச் சரிபார்த்த வேலை இது. இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு வேதத்தின்மேல் மரியாதை கூடுமே தவிரக் குறையாது.

இப்போது வாசிக்கும் முறைக்கு வருகிறேன். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் நம் சபைகளில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் உண்டு. தட்டில் அடுக்கியிருக்கும் அட்டைகளில் ஒன்றைப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும். வீட்டுக்குப் போய்ச் சுவரில் ஒட்டும். அந்த மகிழ்ச்சியை நான் கெடுக்க வரவில்லை. அந்த அட்டையோடு வேதத்தை மூடிவைத்துவிடுவதுதான் எனக்குக் கவலை.

எல்லோருக்கும் பிடித்த எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நம்மைப் பற்றிய கடவுளின் நினைவுகள் தீமைக்கானவை அல்ல, நன்மைக்கானவை என்ற பொருள் தரும் வசனம். தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கும் வேலை தேடும் வாலிபனுக்கும் இதைத்தான் எழுதித் தருகிறோம். அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிறது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். முந்தின வசனத்திலேயே, நீங்கள் திரும்பிவர எழுபது வருடம் ஆகும் என்று எழுதியிருக்கிறது. அதைக் கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் ஊர் திரும்பப்போவதில்லை. இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்பவன் அதற்கு முந்தின அதிகாரத்தில் முழங்குகிறான். அவனைப் பொய்த்தீர்க்கதரிசி என்கிறார் எரேமியா. அந்நிய ஊரிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறது கடிதம். முழுக் கடிதத்தையும் வாசித்த பிள்ளைக்கு, நினைத்த மதிப்பெண் வராமல் போனாலும் வாக்குத்தத்தம் பொய்த்துவிட்டது என்று தோன்றாது. சொந்த ஊரை விட்டு நம் மலைக்குப் பிழைக்க வந்த ஜார்க்கண்ட் பிள்ளைக்கும் அந்தக் கடிதம் நேராகப் பேசும். அட்டையில் உள்ள ஒரு வரிக்கு அந்தப் பலம் கிடையாது.

ஆகவே வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள், ஆனால் அதன் கதையோடு சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். யார் சொன்னது, யாரிடம் சொன்னது, என்ன கஷ்டத்தில் சொன்னது என்ற மூன்றையும் பிள்ளைக்குத் தெரியவையுங்கள். யோசுவாவின் யுத்தங்கள்போல மனதை உறுத்தும் பகுதிகள் வரும்போது அவசரப்பட்டு நியாயம் கற்பிக்க வேண்டாம். எம்மாவூர் வழியில் உயிர்த்தெழுந்த இயேசு, மோசே முதல் எல்லாத் தீர்க்கதரிசிகளையும் தம்மை மையமாக வைத்து விளக்கினார். நமக்கும் அதுதான் வழி. சத்துருவை நேசிக்கச் சொன்னவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் அந்தப் பக்கங்களைத் திருப்ப வேண்டும்.

இந்த விஷயங்களையெல்லாம் நம் மண்ணிலிருந்தே யோசித்த ஒருவர் நமக்கு இருக்கிறார். தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர் திருமண்டலம் 1950-இல் உருவானபோது அதன் முதல் பேராயரானவர் ஏ.ஜே. அப்பாசாமி. 1891-இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் சைவத்திலிருந்து கிறிஸ்துவிடம் வந்தவர். மகன் அமெரிக்காவிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்தார். ஆக்ஸ்போர்டில் யோவான் சுவிசேஷத்தையும் இந்திய பக்தி இலக்கியத்தையும் சேர்த்துவைத்து ஆராய்ந்து 1922-இல் பட்டம் பெற்றார். சாது சுந்தர்சிங்கைப் பற்றி ஸ்ட்ரீட்டர் என்ற அறிஞரோடு சேர்ந்து அவர் எழுதிய நூல் 1921-இல் வெளிவந்தது. கிறிஸ்தவ வாழ்வைப் பக்தி மார்க்கமாகக் கண்டவர். இராமானுஜரை ஆழ்ந்து படித்தவர். கடவுள் உலகத்துக்குள் அந்தர்யாமியாக, அதாவது உள்ளுறைபவராக, இருக்கிறார், இயேசுவிலோ மனிதனாகவே வந்தார் என்று இரண்டையும் பிரித்தும் சேர்த்தும் விளக்கியவர். யோவான் 15-இல் வரும் திராட்சைச் செடியும் கொடியும்தான் அவருடைய இறையியலின் இதயம்: அவரில் நாம், நம்மில் அவர்.

கிறிஸ்தவன் எதை நம்பலாம், எதை வைத்து நம்பலாம் என்பதற்கு அப்பாசாமி நம் நாட்டு மெய்யியலின் ‘பிரமாணம்’ என்ற முறையை எடுத்துக்கொண்டார். 1971-இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். சுருதி, யுக்தி, அனுபவம், சபை என்று நான்கு. வேதம் என்ன சொல்கிறது, அறிவுக்குப் பொருந்துகிறதா, ஜெப வாழ்வில் உண்மையாகிறதா, காலங்காலமாகச் சேர்ந்து வணங்கிவந்த சபை என்ன சொல்லியிருக்கிறது. இந்த நான்கையும் உங்கள் வகுப்புக்கு அப்படியே கொண்டுவரலாம்.

“கர்த்தர் என்னிடம் சொன்னார்” என்று யாராவது பிள்ளைகளைப் பயமுறுத்தினால், அது வேதத்தில் கண்ட இயேசுவுக்கு ஒத்துவருகிறதா என்று கேட்கலாம். அனுபவத்தை மட்டும் நம்பினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு உலக வரலாற்றில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது, அந்த நாட்டின் எழுச்சியிலேயே கடவுளின் வெளிப்பாட்டைக் காண்கிறோம் என்று கிறிஸ்தவர்களில் ஒரு கூட்டம் சொன்னது. 1934 மே மாதம் பார்மன் நகரில் கூடிய சபையார், இறையியலாளர் கார்ல் பார்த் எழுதித்தந்த அறிக்கையின் வழியாக, இயேசு கிறிஸ்துவே நாம் கேட்கவேண்டிய ஒரே தேவவார்த்தை, வேறு எந்த அதிகாரத்தையும் அந்த இடத்தில் வைக்கமாட்டோம் என்று எழுந்து நின்றார்கள். அடுத்து யுக்திக்கு வருவோம். பள்ளியில் அறிவியல் படிக்கும் பிள்ளை டைனோசர் எப்போது வந்தது என்று கேட்டால் கோபப்பட வேண்டாம். யுக்தியும் கடவுள் தந்ததே. ஆதியாகமம் யார் படைத்தார், எதற்காகப் படைத்தார் என்று சொல்ல வந்த நூல்.

இனி கடவுளின் இயல்பைப் பற்றி.

திரியேகத்தை விளக்கத் தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்ற உதாரணம் நம் வகுப்புகளில் வழிவழியாக வருகிறது. நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் அதன்படி ஒரே ஆள்தான் மூன்று வேடம் மாற்றிக்கொள்கிறார் என்று ஆகிவிடும். மூன்றாம் நூற்றாண்டிலேயே சபெல்லியுஸ் என்பவர் பேரில் வந்த இந்தப் போதனையைத் திருச்சபை மறுத்துவிட்டது. அதற்குப் பதிலாகக் கதையைச் சொல்லுங்கள். யோர்தானில் குமாரன் தண்ணீரிலிருந்து கரையேறுகிறார், ஆவியானவர் புறாவைப்போல் இறங்குகிறார், இவர் என் நேசகுமாரன் என்று பிதா மகிழ்ந்து அறிவிக்கிறார். மூவரும் ஒரே நேரத்தில், ஒருவர்மேல் ஒருவர் அன்போடு. உலகம் உண்டாவதற்கு முன்பே அந்த அன்பு இருந்தது என்று யோவான் 17-இல் இயேசு ஜெபிக்கிறார். கடவுள் அன்பாகவே இருக்கிறார் என்று யோவான் தன் நிருபத்தில் எழுதியதற்கு அடிப்படை அதுதான். நேசிக்க ஆள் வேண்டும் என்று அவர் நம்மைப் படைக்கவில்லை. நிறைந்த அன்பில் நமக்கும் இடம் தரவே படைத்தார். இதைச் சிறு பிள்ளையும் புரிந்துகொள்ளும். கணக்கில் மூன்று எப்படி ஒன்றாகும் என்று மல்லுக்கட்டத் தேவையில்லை.

கி.பி. 325-இல் நிசேயாவில் பேராயர்கள் கூடியதும் இதற்காகத்தான். குமாரன் உயர்ந்தவர், ஆனால் படைக்கப்பட்டவர் என்று அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ் சொன்னார். அது உண்மையானால், இயேசுவிடம் நாம் கண்ட இரக்கம் கடவுளின் இரக்கமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இயேசுவுக்குப் பின்னால், நமக்குத் தெரியாத இன்னொரு முகம் ஒளிந்திருக்கலாம். இல்லை, பிதாவின் இயல்பு எதுவோ அதுவே குமாரனின் இயல்பு என்று நிசேயா அறிக்கை செய்தது. நாம் ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது இந்த நம்பிக்கையைத்தான் சொல்கிறோம்: இயேசு எப்படியோ, கடவுள் அப்படியே.

இதை நம்பினால் நம் வகுப்பிலிருந்து ஒரு பழக்கத்தை அடியோடு எடுத்துவிட வேண்டும். பொய் சொன்னால் “சாமி கண்ணைக் குத்தும்” என்று ஊரில் சொல்வார்கள். நாம் அதையே சற்று மாற்றி, “இயேசப்பா அடிப்பார்”, “கோயிலில் பேசினால் காய்ச்சல் வரும்” என்கிறோம். வகுப்பு அமைதியாகிவிடும். ஆனால் சுவிசேஷத்தில் எந்தக் குழந்தையையும் இயேசு அடிக்கவில்லை, யாருக்கும் நோயை அனுப்பவில்லை. குழந்தைகளை அதட்டிய சீடர்கள்மேல்தான் அவருக்குக் கோபம் வந்தது. கடவுளின் பரிசுத்தத்தை மறைக்கச் சொல்லவில்லை. ஏழையின் கூலியைப் பிடித்துவைப்பவன்மேல் அவருக்குக் கோபம் உண்டு, பாசாங்கு செய்கிறவன்மேல் கோபம் உண்டு. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கோபம் அன்பிலிருந்து வருகிறது. நம் வகுப்பை அடக்க நமக்குக் கிடைத்த பிரம்பாக அதை மாற்றுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

கடைசியாக, நம் அயலாரைப் பற்றி. ஆனைமலையில் வாழ்ந்துகொண்டு இதைத் தவிர்த்துவிட்டுப் போகமுடியாது. அமாவாசை நாளில் மாசாணியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டம் ஊரையே நிறைத்துவிடுகிறது. அநியாயத்துக்கு ஆளான பெண்கள் அங்கே கல்லில் மிளகாய் அரைத்து நியாயம் கேட்கிறார்கள். நம் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தால், உடனே தடுத்து நிறுத்துங்கள். சங்கீதப் புத்தகம் நெடுக நியாயம் கேட்டு அழுகிற குரல்கள் இருக்கின்றன. லூக்கா 18-இல் நீதிபதியிடம் விடாமல் போய் முறையிட்ட விதவையை இயேசுவே நமக்கு முன்மாதிரியாக நிறுத்துகிறார். அந்தப் பெண்களின் அழுகையைக் கடவுள் கேட்கமாட்டார் என்று சொல்ல நாம் யார்? பவுல் லீஸ்திராவில், மழையையும் விளைச்சலையும் தந்து கடவுள் எல்லா ஜனங்களிடமும் தமக்குச் சாட்சி வைத்திருக்கிறார் என்றார். ஏதென்ஸில் கிரேக்கரின் புலவர்களையே எடுத்துப் பேசினார். அதோடு இயேசுவின் உயிர்த்தெழுதலையும் தயங்காமல் அறிவித்தார்.

கடவுள் கிறிஸ்துவுக்கு வெளியே எவ்வளவு தூரம் தம்மைக் காட்டுகிறார் என்பது எளிய கேள்வி இல்லை. 1938 டிசம்பரில் தாம்பரத்தில் உலக அருட்பணி மாநாடு கூடியபோது கிறிஸ்துவின் வெளிப்பாட்டுக்கும் மற்ற மதங்களுக்கும் தொடர்ச்சி இல்லை என்ற பக்கம் இறையியலாளர் ஹென்றிக் கிரேமர் நின்றார். வி. சக்கரை, பி. செஞ்சையா போன்ற நம் ஊர்ச் சிந்தனையாளர்கள் மறுபக்கம் நின்று எழுதினார்கள். இன்னும் அந்த விவாதம் முடியவில்லை. அதை நீங்கள் பிள்ளைகளுக்கு முடித்துவைக்க வேண்டியதில்லை. இரண்டு விஷயம் போதும்: நாம் கண்ட இயேசுவைச் சந்தோஷமாகச் சொல்லுவது, அடுத்தவர் வணங்குவதை இழிவாகப் பேசாமல் இருப்பது. இரண்டாவது இல்லாமல் முதலாவதை யாரும் நம்பமாட்டார்கள்.

எழுதியது நீண்டுவிட்டது. நடைமுறைக்கு ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். வருகிற ஞாயிறு கதையைத் தொடங்கும் முன், பிள்ளைகளிடம் கேளுங்கள்: “நீங்க ஒரு தப்பு செஞ்சுட்டீங்க. கடவுள் இப்ப உங்களைப் பார்த்தா அவரு முகம் எப்படி இருக்கும்?” சின்னவர்கள் படமாக வரையட்டும், பெரியவர்கள் எழுதட்டும். வந்ததைப் பொறுமையாகப் பாருங்கள். பெரும்பாலான படங்களில் கோபமான முகமோ கையில் பிரம்போ இருந்தால், அந்தப் பிள்ளைகளுக்கு இதுவரை யாரைக் கற்றுக்கொடுத்தோம் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். பிறகு லூக்கா 15-ஐத் திறந்து, வீட்டை விட்டுப்போன மகன் தூரத்தில் வரும்போதே ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட தகப்பனின் கதையைச் சொல்லுங்கள். இந்தக் கதையைச் சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும் என்று அவர்களையே கேட்கவிடுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உங்களுக்கு ஒரு வருடம் முழுவதும் இருக்கிறது. வேதம் முழுவதும் அதற்குத்தான் இருக்கிறது.

கர்த்தர் உங்கள் ஊழியத்தை ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவுக்குள் உங்கள் அன்பான,
சக ஞாயிறு பள்ளி ஆசிரியர்,
ஆனைமலை